கை திரும்பி வருமா? – மாமா பதில்கள்

பக்கவாதத்தில் விழுந்த கையை, கண்ணில் மாட்டும் கருவியும் மண்டையில் வைக்கும் காந்தமும் எழுப்பிவிடுமாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த இதழில் சொல்கிறேன் என்றேன். அதற்குள் சாலவாக்கம் முதல் பெருநகர் வரை கடிதம் வந்து குவிந்துவிட்டது. வாங்க, ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

*மெய்நிகர் வைத்தியம் என்றால் என்ன மாமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.*
– கல்லூரி மாணவி, திருப்புலிவனம்

கண்ணுக்குப் படம் காட்டிக் கையை வேலை வாங்குவது.

இரண்டாவது வரி இலவசம். முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். உள்ளே மாந்தோப்பு தெரியும். கையை நீட்டினால் மாங்காய் பறிபடும். நிஜத்தில் ஒரு சாண் நீண்ட கை, உள்ளே ஒரு முழம் நீளும். ‘அட, நம்ம கையா!’ என்று மனசுக்கு ஆசை வரும். அந்த ஆசையில் இன்னும் பத்துத் தடவை நீட்டுவார். அந்தப் பத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

*கையில் எலும்பு முறியவில்லை, காயம் இல்லை. பிறகு ஏன் அசையமாட்டேன் என்கிறது?*
– விவசாயி, மானாம்பதி

உங்கள் கிணற்று மோட்டார் நன்றாக இருக்கிறது. ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. மோட்டாரைத் தட்டி என்ன பயன்?

மூளையில் ரத்தம் போகும் குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ, அந்த இடம் ஆண்ட கை நின்றுபோகிறது. ஆனால் மூளைக்கு ஒரு நல்ல குணம். பக்கத்து டிரான்ஸ்பார்மரிலிருந்து லைன் இழுத்துக்கொள்ளும். லைன்மேன் பெயர் பயிற்சி. அவரைத் தினமும் கூப்பிட வேண்டும்.

*இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்புதானே?*
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களியாம்பூண்டி

வாத்தியாரய்யா, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் விளையனூர் ராமச்சந்திரன். அமெரிக்காவில் நரம்பியல் ஆராய்ச்சி. கை வெட்டுப்பட்டவர்களுக்கு, இல்லாத கை வலிக்கும். அதற்கு 1990-களில் அவர் செய்த வைத்தியம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

கண்ணாடியை இரண்டு கைக்கும் நடுவில் நிறுத்துங்கள். நல்ல கையின் பிம்பம், போன கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை மூடித் திறந்தால் இரண்டும் மூடித் திறப்பதாகக் கண் சொல்லும். மூளை கண்ணை நம்பும். 1999-ல் பக்கவாதக்காரர்கள் 9 பேரிடம் இதைச் சோதித்து, அவரும் அவருடைய சகாக்களும் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 2018-ல் 62 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 2,000 பேரைச் சேர்த்துப் பார்த்தபோதும் கண்ணாடி தேறியது.

கரண்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம். உத்திரமேரூர் பஜாரில் கிடைக்கும்.

*அசையாத கையை அசைப்பதாக மனசுக்குள் நினைத்துக்கொண்டால் பலன் உண்டா? என் மருமகள் சிரிக்கிறாள்.*
– மாமியார், அனுமந்தண்டலம்

பூசலார் கதையை மருமகளுக்குச் சொல்லுங்கள். காஞ்சியில் காடவர் கோமான் கல்லால் கோயில் எழுப்பினான். திருநின்றவூரில் பூசலார் மனசால் எழுப்பினார், அஸ்திவாரம் முதல் கலசம் வரை ஒன்று விடாமல். குடமுழுக்குக்கு ஒரே நாள் குறித்தார்கள். சிவன் அரசன் கனவில் வந்து, உன் தேதியை மாற்று, நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்றார்.

நினைவால் கையை இயக்கிப் பார்ப்பதற்கு மருத்துவத்தில் தனிப் பயிற்சியே உண்டு. நிஜப் பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கைக்கு நல்லது. பூசலார் மாதிரி ஒவ்வொரு கல்லாக வைக்க வேண்டும்: டம்ளர் எங்கே இருக்கிறது, விரல் எப்படி விரிகிறது, பித்தளை எவ்வளவு சில்லிடுகிறது. மேலோட்டமாக நினைத்தால் கோயில் நிற்காது.

*பேரன் வீடியோ கேம் ஆடினால் திட்டுகிறேன். என் கைக்கு அதையே ஆடச் சொல்கிறார்கள். என்ன நியாயம்?*
– தாத்தா, பெருநகர்

நியாயம் உங்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து நான்கு நாடுகளிலும் சேர்த்து 141 நோயாளிகள். ஒரு பாதிக்கு டி.வி.யில் ஆடும் வீ என்ற விளையாட்டுக் கருவி. மறு பாதிக்குச் சீட்டாட்டமும் கட்டை அடுக்குவதும். இரண்டு வாரத்தில் பத்து மணி நேரம். முடிவு 2016-ல் வந்தது. இரண்டு பக்கமும் கை முன்னேறியது. வித்தியாசம் இல்லை.

ஆகவே பேரனை உட்காரவைத்துத் தாயக்கட்டை உருட்டுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள். சோழியை வாதக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள்.

*அப்படியானால் அந்தக் கருவி வீணா?*
– அவசரக்காரர், சாலவாக்கம்

வீண் என்று யார் சொன்னது? 2017-ல் மெய்நிகர் வைத்தியம் பற்றிய 72 ஆய்வுகளை, 2,470 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான பிசியோவை எடுத்துவிட்டு இதை வைத்தால் கைக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை. பிசியோவுக்கு மேல் இதையும் சேர்த்தால் லாபம். 2025-ல் ஆய்வுகள் 190 ஆனபோது தராசு இன்னும் கொஞ்சம் சாதகமாகச் சாய்ந்தது.

சாதத்துக்குப் பதில் ஊறுகாய் போதாது. சாதத்தோடு சேர்த்தால் இன்னும் ரெண்டு கவளம் இறங்கும்.

*பிசியோவுக்குப் போய்த்தானே வருகிறோம்? அது போதாதா?*
– மனைவி, உத்திரமேரூர்

போய் வந்த நேரத்தை எண்ணாதீர்கள், கை நீண்ட தடவையை எண்ணுங்கள். 2009-ல் அமெரிக்க, கனடா மையங்களில் பக்கத்தில் நின்று எண்ணியே பார்த்தார்கள். ஒரு பயிற்சி வேளையில் நோயாளி கையால் உருப்படியாக ஒரு வேலையைச் செய்தது சராசரி 32 தடவை. மூளை மாறுவதைக் காட்டிய எலி, குரங்குச் சோதனைகளில் நாளுக்கு நூற்றுக்கணக்கில்.

ஒரு கிண்ணத்தில் நூறு புளியங்கொட்டை போடுங்கள். ஒவ்வொன்றாகப் பக்கத்துக் கிண்ணத்துக்கு மாற்றட்டும். காலையில் ஒரு நூறு, மாலையில் ஒரு நூறு. முதல் நாள் பாதி கீழே விழும். பொறுக்குவதும் கணக்கில் சேரும்.

*மண்டையில் கரண்ட் வைக்கிறார்களாம். பயமாக இருக்கிறது.*
– தாய், மானாம்பதி

அம்மா, சினிமாவில் பார்த்த ஷாக் வேறு. மனநல வைத்தியத்தில் தரும் அதிர்ச்சி பல நூறு மில்லியாம்பியர், மயக்க மருந்து கொடுத்துச் செய்வது. இது ஒன்று, இரண்டு மில்லியாம்பியர். நனைத்த பஞ்சு வழியாக, நோயாளி பேசிக்கொண்டே இருக்கும்போது. எறும்பு ஊர்வது போல் இருக்கும். தலைக்குள் உலோகத் துண்டோ, நெஞ்சில் பேஸ்மேக்கரோ, வலிப்போ இருந்தால் மட்டும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

*ஒன்பது வோல்ட் பேட்டரிதானே? நானே செய்துவிடட்டுமா?*
– ஐ.டி.ஐ. மாணவர், உத்திரமேரூர்

தம்பி, தோல் வெந்துபோகும். உன் கைத்திறமைக்கு வேறு வேலை தருகிறேன்: பாட்டிக்குத் தடியான பிடி வைத்த ஒரு கரண்டி செய்து கொடு.

*காந்தம் எப்படி வேலை செய்கிறது?*
– பிளஸ் டூ மாணவர், சாலவாக்கம்

1985-ல் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழு செய்து காட்டியது. தலைக்கு மேல் ஒரு கம்பிச் சுருள். சொடுக்கினால் ‘டப்’ என்று சத்தம், காந்தப்புலம் எழுந்து அடங்கும், மண்டையோட்டைத் தாண்டி மூளையில் மின்னோட்டம் பிறக்கும். கட்டைவிரல் தானாகத் துள்ளும். பாடப்புத்தகத்தில் ஃபாரடே சொன்னதுதான். பரீட்சைக்கும் வரும்.

இன்னொரு பயனும் உண்டு. வாதம் வந்த சில நாளில் சொடுக்கிப் பார்த்துக் கை துள்ளினால், மூளைக்கும் கைக்கும் இடையே பாதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

*காந்தத்தால் கை வருமா, வராதா? சுற்றி வளைக்க வேண்டாம்.*
– கடைக்காரர், உத்திரமேரூர் பஜார்

நம் ஊர்க் கல்வெட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், மன்னிக்கவும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய ஊர்ச்சபைத் தேர்தல் விதி: பெயரை ஓலையில் எழுது, குடத்தில் போடு, குலுக்கு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல். யாருடைய ஆசையும் முடிவில் கலக்கக் கூடாது.

நல்ல மருத்துவ ஆய்வும் குடவோலைதான். அமெரிக்காவில் 199 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். சிலருக்கு நிஜக் காந்தம், சிலருக்குப் பொய்க் காந்தம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கையைப் பார்த்து மதிப்பெண் போட்டவருக்கும் தெரியாது. பிறகு எல்லோருக்கும் ஒரே கைப்பயிற்சி. 2018-ல் முடிவு வெளியானது. நிஜக் காந்தத்தில் நூற்றுக்கு 67 பேர் தேறினார்கள். பொய்க் காந்தத்தில் 65.

பஞ்சில் தரும் சின்ன மின்சாரத்தையும் 129 பேரிடம் இப்படிக் குலுக்கிப் பார்த்தார்கள். அங்கும் பொய்யும் நிஜமும் ஒரே வரிசையில் நின்றன. சிறிய ஆய்வுகளில் தெரிந்த பலன், பெரிய குடத்தில் குலுக்கியதும் கரைந்துவிட்டது. எந்த நோயாளிக்கு, மூளையின் எந்தப் பக்கம், எந்த மாதத்தில் என்று தேடல் இன்னும் நடக்கிறது. நடக்கட்டும். அதுவரை நகையை அடகு வைத்துக் காந்தம் வைக்கப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் 65-ஐ எட்டியது எதனால் என்று மட்டும் யோசியுங்கள். புளியங்கொட்டை எங்கே வைத்தீர்கள்?

*அப்பாவுக்கு எல்லாம் நானே செய்கிறேன். சாதம் ஊட்டுவது, சட்டை போடுவது, தலை வாருவது. இன்னும் என்ன செய்யலாம்?*
– மகள், சாலவாக்கம்

கொஞ்சம் செய்யாமல் இருக்கலாம் மகளே.

என் சித்தப்பாவுக்கு இடது பக்கம் விழுந்தபோது நாங்களும் இப்படித்தான். திண்ணையில் தலையணை வைத்து உட்காரவைத்தோம். சித்தி பிசைந்து ஊட்டினாள். பித்தான் போடுவதற்கு நாங்கள் போட்டி போட்டோம். ஆறு மாதத்தில் விரல்கள் மடங்கி உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டன. நகம் வெட்ட விரலைப் பிரிக்கவே இரண்டு பேர் வேண்டும். உள்ளே தோல் வெளுத்து ஊறிக் கிடந்தது. அத்தனையும் பாசத்தில் செய்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

கை முதலில் நோயால் விழுகிறது. பிறகு நாம் கைவிட்டதால் விழுகிறது. நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிட்டால் மற்றது வேலையை மறந்துவிடும் என்று எட்வர்டு டவ்ப் என்ற அமெரிக்கர் கண்டார். வைத்தியம்: நல்ல கைக்கு உறை மாட்டிப் பூட்டு. 2006-ல் வெளிவந்த ஆய்வில் 222 பேர். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 90 பங்கு நல்ல கைக்கு உறை. வாதக் கை தேறியது, ஓராண்டுக்குப் பின்னும் பலன் நின்றது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைந்தால்தான் இதைத் தொடங்கலாம். பிசியோவைக் கேட்டுச் செய்யுங்கள்.

அப்பா பித்தான் போட அரை மணி ஆகுமா? ஆகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கண்ணால் பாருங்கள், கையால் தொடாதீர்கள்.

*அப்படியானால் வீட்டு ஆட்களுக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் பிசியோ எதற்கு?*
– சிக்கனக்காரர், களியாம்பூண்டி

இந்தியாவிலேயே கேட்டுப் பார்த்த கேள்வி. 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள், வீட்டாருக்கு முறையாகப் பயிற்சி. லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்றார். 2017-ல் முடிவு. ஆறு மாதத்தில், பயிற்சி பெற்ற வீட்டுக்கும் பெறாத வீட்டுக்கும் இறப்பிலோ, பிறரைச் சார்ந்து கிடப்பதிலோ வித்தியாசம் இல்லை.

வீட்டாரின் அன்பு வேண்டும். தெரிந்தவர் கண்ணும் வேண்டும்.

*பிசியோ எங்கள் ஊருக்கு வருவாரா? ஆட்டோவுக்கே பணம் போகிறது.*
– மூதாட்டி, அனுமந்தண்டலம்

வருவார். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் தருவதல்ல. இயன்முறை வைத்தியமும் வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்பது அதன் விதி. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அம்மாவிடம் பெயரைக் கொடுங்கள். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், மறுபடியும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் என்ன, உங்கள் வரிப்பணம்.

*புறா ரத்தம் தடவினால் வாதம் போகும் என்கிறார்களே?*
– பேரன், பெருநகர்

புறாவுக்கு உயிர் போகும். அடைப்பு மண்டைக்குள் இருக்கிறது, நீங்கள் முழங்கையில் தடவுகிறீர்கள். தேய்த்துவிடுவது இதம்தான், அதற்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

*உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிறு போட்டுக் கையை இழுக்கச் சொன்னார்கள். தோள் வலிக்கிறது.*
– மேஸ்திரி, மானாம்பதி

கழற்றிவிடுங்கள். தண்ணீர் இறைக்கக் கப்பி நல்லது, தளர்ந்த தோளுக்கு ஆகாது. தசை பிடி விட்டதால் கை மூட்டிலிருந்து நழுவித் தொங்குகிறது. கயிறு அதை மேலும் நசுக்கும். தூக்கி உட்காரவைக்கும்போதும் அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்பிலும் முதுகிலும் கை கொடுங்கள்.

*வேலூரில் ரோபோ வைத்துக் கைக்கு வைத்தியம் செய்கிறார்களாமே?*
– லாரி ஓட்டுநர், உத்திரமேரூர்

வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து செய்த ‘ப்ளூட்டோ’. மேஜை மேல் அடங்கும் பெட்டி, உள்ளே ஒரே மோட்டார். மணிக்கட்டுக்கு ஒரு பிடி, விரலுக்கு ஒரு பிடி, சாவி திருக ஒரு பிடி என்று மாற்றி மாற்றிச் செருகலாம். எதிரே திரையில் விளையாட்டு. கை கொஞ்சம் முயன்றால் மீதியை மோட்டார் முடித்துவைக்கும்.

வேலூருக்கு இது புதிதல்ல. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் படித்துத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

*வாதம் வந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. இனி என்ன இருக்கிறது?*
– அஞ்சல் ஊழியர், திருப்புலிவனம்

ஒன்பது மாதம் முதல் பத்து வருஷம் ஆனவர்கள் வரை 108 பேரிடம் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்புக்கு, நெஞ்சில் பதித்த சிறு கருவி. கை அசையும் அந்த நொடியில் ஒரு சின்னத் தூண்டல். 66 மதிப்பெண் அளவுகோலில் தூண்டல் பெற்றவர்கள் சராசரி 5 ஏறினார்கள், பெறாதவர்கள் 2.4. அந்த ஆண்டே அமெரிக்கா அனுமதி தந்தது. அறுவை, செலவு, இரண்டும் பெரிது.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த 2.4-ஐத்தான். பழைய கை, தூண்டல் இல்லை, பயிற்சி மட்டும். அப்போதும் ஏறியிருக்கிறது.

*எப்போது ஆரம்பிக்க வேண்டும்?*
– புதிதாக அடிபட்ட வீடு, பெருநகர்

முதல் 24 மணி நேரத்தில் தூக்கி நிறுத்தி, தீவிரமாக நடக்கவைக்க வேண்டாம். அப்படிச் செய்த பெரிய ஆய்வில் கெடுதலே மிஞ்சியது. டாக்டர் சொன்னதும் மெல்லத் தொடங்குங்கள். வாதம் வந்து இரண்டு, மூன்று மாதம் ஆகும்போது கூடுதல் கைப்பயிற்சிக்குப் பலன் அதிகம் என்று 2021-ல் ஓர் ஆய்வு சொன்னது. வேப்பிலை அடித்து, ஊர் ஊராகப் போய் வந்து அந்த மாதங்களைச் செலவழித்துவிடாதீர்கள்.

*வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் முதல் வேலை என்ன?*
– ஆட்டோ ஓட்டுநர், உத்திரமேரூர்

மணி பார்ப்பது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன.

சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போகும். ஜோசியர் நாளைக்கும் இருப்பார்.

*என் வீட்டுக்காரர் பட்டுத் தறி நெசவு. வலது கை போய்விட்டது. எந்த விளையாட்டுக் கருவி வாங்கலாம்? எதைக் கேட்டாலும் அழுகிறார்.*
– நெசவாளர் மனைவி, காஞ்சிபுரம் சாலை

முதலில் அழுகை. வாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது அவர் குணமல்ல, நோயின் பங்கு. டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு.

கருவி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது தங்கச்சி. ராட்டையைக் கிட்டே இழுத்துப் போட்டுத் தார் சுற்றச் சொல்லுங்கள். நீங்கள் நூலைப் பிடியுங்கள், அவர் வலது கையால் சக்கரத்தைத் திருப்பட்டும். நாடாவைக் கையில் கொடுங்கள். வழவழப்பு முதலில் விரலுக்குத் தெரியட்டும். நாற்பது வருஷம் வீசிய கைக்கு மாங்காய் பறிக்கும் படத்தைவிட நாடாவின் கனம் நன்றாகப் புரியும். தறிக்குழிக்குள் இறங்குவது பிறகு.

*மாமா, நேற்று அப்பா வலது கையால் டம்ளரைத் தூக்கிவிட்டார்!*
– அதே பழைய மகன், மானாம்பதி. போன வருஷம் உங்களிடம் கோபப்பட்டவன்.

டம்ளர் காலியா, தண்ணீர் இருந்ததா? எத்தனை தடவை? மறு தபாலில் எழுது.